தலைகீழ்ப் பாடம்

எங்கள் குடும்பத்தில் ஒரு மேதை பிறந்திருக்கிறான் என்பதைக் கண்டுபிடித்தவர் என் தாய்மாமன். அந்த மேதை நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது. நாங்கள் காலடிப்பேட்டையில் குடியிருந்தோம். மாமன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஐந்தாவது வரை படித்தவர் என்பதால் எங்கள் வீட்டுக்கு அவர்தான் கல்வி மந்திரி.

மேதைக்கான அடையாளங்களை அவர் அம்மாவிடம் விளக்குவார். "இவன் தலயப் பாருக்கா, எம்மாம் பெருசு கீது! உள்ள எல்லாம் மூளதான்." இரண்டாவது அடையாளம், நான் ஓயாமல் பேசினேன். மூன்றாவது, பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தலைகீழாக ஒப்பித்தேன். ஒப்பித்தேனே தவிர, படித்தேன் என்று சொல்ல முடியாது. புத்தகம் மூடியிருந்தால் எனக்குத் தடங்கலே வராது, திறந்தால்தான் தகராறு. இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

தங்கைக்கு ஐந்து வயது. அவளிடம் அப்படி ஓர் அடையாளமும் கிடையாது. பேசவே மாட்டாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கவிழ்த்துப் பிடிப்பாள். மாமன் நேராக்கித் தருவார். அவர் அந்தப்பக்கம் திரும்பியதும் மறுபடி கவிழ்த்துவிடுவாள். தெருவில் நடக்கும்போது திடீரென்று நின்று, குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டு எதிர்க்கடையைப் பார்ப்பாள். குழந்தை அப்படிப் பார்த்தால் வீட்டில் இன்னொரு குழந்தை வரும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. பக்கத்து வீட்டுக்காரி அம்மாவைக் கேட்டே விட்டாள்: "இன்னாம்மா, எத்தினி மாசம்?" அம்மா தங்கையின் முதுகில் ஒன்று வைத்தாள்.

ராயபுரத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. கெட்டிக்காரப் பையன்களைத் தலைமையாசிரியரே சோதித்துப் பார்த்து நேராக மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார் என்று மாமன் கேள்விப்பட்டார். அன்றிலிருந்து வீடு ரெண்டுபட்டது. காலையில் ஒப்பித்தேன், சாயங்காலம் ஒப்பித்தேன், குளிக்கும்போதும் ஒப்பித்தேன். தெருவில் எல்லோரிடமும் மாமன் சொல்லிவிட்டார். தோற்றுத் திரும்பினால் தெருவில் தலைகாட்ட முடியாது என்பது என் வயதுக்கே புரிந்தது. அம்மா எனக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டாள். எதற்கு வம்பு என்று நானும் தனியாக வேண்டிக்கொண்டேன்.

குறித்த நாளில் மாமன், அம்மா, நான், மூவரும் பஸ் ஏறினோம். வீட்டில் விட ஆளில்லாததால் தங்கையும் வந்தாள்.

தலைமையாசிரியர் மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். மேஜைக்கு இந்தப்பக்கம் நாங்கள் நின்றோம். மாமன் என் பெருமைகளைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, தம்பி வாசிக்கட்டும்" என்று ஒரு புத்தகத்தை எடுத்துத் திறந்து என்னிடம் நீட்டினார்.

அது என் புத்தகம் இல்லை.

பக்கத்தில் ஒரு யானைப் படம் இருந்தது. படம் மட்டும்தான் எனக்குப் பழக்கப்பட்டதாகத் தெரிந்தது. "யானை..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. மாமன் பின்னாலிருந்து, "சொல்றா கண்ணு, பயப்படாத" என்றார். நான் என் புத்தகத்தின் முதல் பாடத்தை ஒப்பிக்கத் தொடங்கினேன். அதில் பசுதான் வரும்.

தலைமையாசிரியர் சிரிக்காமல் புத்தகத்தைத் திரும்ப வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார். வரியில் விரலை வைத்து, "இந்த ஒரு வரி என்னன்னு சொல்லு, போதும்" என்றார்.

"யானை ஆற்றில் இறங்கியது" என்றது ஒரு குரல்.

நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். மேஜை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். "துதிக்கையால் நீரை வாரி இறைத்தது" என்று மேலே போனாள். எங்கள் வீட்டில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

தலைமையாசிரியர் பக்கத்தைப் புரட்டினார். வாசித்தாள். இன்னும் பத்துப் பக்கம் தள்ளிப் புரட்டினார். அங்கங்கே தடுக்கினாலும் வாசித்தாள். குழந்தைக்கு வசதியாக இருக்கட்டும் என்று அவர் புத்தகத்தை அவள் பக்கம் நேராகத் திருப்பி வைத்தார். உடனே வாயை மூடிக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளாலும் புத்தகத்தைப் பழையபடி கவிழ்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"அண்ணன் படிக்கறப்ப இந்தப் பொண்ணு எங்கே உட்காரும்?" என்று அவர் அம்மாவைக் கேட்டார்.

"எதுக்கால குந்திகினு இருக்கும் ஐயா. ஒரு பொஸ்தகம், ஒரு வௌக்கு. இவங்க ரெண்டு பேரும் இந்தாண்ட, அது அந்தாண்ட."

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மாமன் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துச் சொல்லிக்கொடுத்தபோது நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்தவள் விரலைப் பார்த்திருக்கிறாள். தெருவில் அவள் குனிந்து பார்த்ததும் எதிர்க்கடைப் பலகையைத்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

என்னை மூன்றாவதில் சேர்க்கவில்லை. முதல் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். தங்கைக்காகப் பக்கத்துத் தெருவில் இருந்த பெண்கள் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அவள் அங்கே சேர்ந்து, எழுத்தை நேராகப் பார்க்கப் பழகி, பிற்பாடு கல்லூரியில் பாடம் நடத்தும் அளவுக்குப் போனாள். இன்றைக்கும் டாக்டர் எழுதும் சீட்டை மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே படித்துவிடுகிறாள்.

மாமன் அசரவில்லை. வாசலுக்கு வந்ததும் அம்மாவிடம், "நம்ம வூட்ல ஒரு மூளக்காரப் புள்ள கீதுன்னு சொன்னனா இல்லியா? ஆளுதான் மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார்.

நாங்கள் மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். டோல்கேட் நிறுத்தம் வந்ததும் அம்மா சட்டென்று எழுந்து எங்களை இறக்கிவிட்டாள். வீட்டுக்கு இன்னும் இரண்டு மூன்று நிறுத்தம் இருந்தது. "நடந்தே போவலாம்" என்றாள். எனக்கு அழுகை வந்தது. தோற்றதற்குத் தண்டனை என்று நினைத்தேன்.

அம்மா முதல் கடையின் முன்னால் நின்றாள். "இதுல இன்னாடி எழுதிகீது?" தங்கை குனிந்து பார்த்து, "சைக்கிள் ரிப்பேர்" என்றாள். அடுத்த கடை. "இதுல?" "விறகு மண்டி." அதற்கடுத்தது. ஒரு பலகையையும் அம்மா விடவில்லை. சாலையில் போகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பாதி வழியில் ஓர் ஆலையின் நீண்ட மதில். அதில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்துகள். அந்த வழியாக எப்போது போனாலும் அம்மா அங்கே கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அவளைப் பார்த்து நானும் போட்டுக்கொள்வேன். அன்றைக்கு அவள் கையை உயர்த்தவில்லை. "இது எந்த சாமி பேரு, படி" என்றாள்.

தங்கை நெடுநேரம் குனிந்து பார்த்தாள். "நோட்டீஸ் ஒட்டக்கூடாது."

அம்மா அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னோரு தபா படிடி" என்றாள். தங்கை படிக்கப் படிக்க, அம்மா ஒவ்வோர் எழுத்தாக மதிலின்மேல் விரலை ஓட்டினாள்.

எனக்குக் கால் வலித்தது, பசித்தது. பெரியவர்கள் எல்லோருக்கும் எழுத்து தெரியும் என்று நான் நம்பியிருந்த வயது அது. தலைமையாசிரியரைப் போல அம்மாவும் தங்கைக்குப் பரீட்சை வைக்கிறாள் என்றுதான் வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.