குறை கண்டுபிடிக்கும் நாத்தனார்

நாத்தனார் என்றாலே குறை கண்டுபிடிப்பவள் என்பார்கள். என் மனைவி அதற்குச் சம்பளமே வாங்குகிறாள். வீடு வீடாகப் போய் மின்சார வயரிங்கைச் சோதித்து, எங்கே என்ன பழுது என்று சொல்வதுதான் அவள் வேலை. "லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது, அப்புறம் என்னத்தப் பார்க்கணும்?" என்று வாசலிலேயே மடக்குபவர்கள்தான் அதிகம். "லைட்டு எரிய ரெண்டு கம்பி போதுங்க. உங்க உயிருக்குத்தான் மூணாவது வேணும்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்துவிடுவாள்.

கல்யாணமாகி வந்த வாரமே என் அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டவள் அவள். அம்மா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தெருவில் யார் வீட்டில் எது கெட்டாலும், "என் மருமக வந்து பார்த்துச் சொல்லட்டும்" என்று பீற்றிக்கொள்ள ஆரம்பித்தார்.

என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணனுடைய மனைவியிடம் அது பலிக்கவில்லை. அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோன அன்று, விருந்தாளிகள் நடுவே, "இந்த வயரிங் செஞ்ச மகராசன் யாரு?" என்று என் மனைவி கேட்டுவைத்தாள். அண்ணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதோடு போக்குவரத்து நின்றது. அண்ணனுக்குப் பையன் பிறந்ததுகூட ஊரார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அன்று என் மனைவி சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

பையன் தவழத் தொடங்கிய பிறகு அண்ணனே வந்து கூப்பிட்டார். கிளம்பும்போது நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன்: "தாயே, இன்னைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு."

"பிள்ளையைப் பார்க்கப் போறேன். சுவிட்ச் போர்டைப் பார்க்கவா போறேன்?" என்றாள்.

சொன்னபடியே இருந்தாள். குழந்தையை மடியைவிட்டு இறக்கவில்லை. அண்ணியும் பழசை எடுக்காமல் பேசினாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கை கழுவப் போனவள், குளியலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வாஷிங் மெஷின், அதன் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"அண்ணி, இது எதுக்கு இங்க?"

"அதுவா? வெறுங்காலோட மெஷினைத் தொட்டா லேசா சுர்ருங்கும். செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது. பழகிடுச்சு."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிக் கழற்றினாள். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் அந்த மூன்றாவது கம்பியை, எர்த் வயரை, யாரோ வெட்டி உள்ளேயே சுருட்டியிருந்தார்கள்.

"இனிமே இதைப் போடாதீங்க அண்ணி. வீடு முழுக்கச் சோதிக்கணும்."

"ஆரம்பிச்சுட்டியா! என் வீட்டுல குறை சொல்லலைன்னா உனக்குச் சோறு இறங்காதே. இத்தனை நாளா எங்களுக்கு என்ன ஆயிடுச்சு?"

"உங்களுக்குச் செருப்பு இருக்கு. இவனுக்கு?" அவள் என் கையிலிருந்த குழந்தையைக் காட்டினாள். "என்னை வேணும்னா மறுபடி ஒதுக்கிடுங்க, வராம இருந்துக்கறேன். இதை மட்டும் சரிபண்ணிடுங்க."

அண்ணி குழந்தையை என்னிடமிருந்து வெடுக்கென்று வாங்கி, அவன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்து இந்த மெஷினைப் பிடிச்சுக்கிட்டுத்தான் முதல் தடவையா எழுந்து நின்னான்" என்றாள். "நான் பக்கத்துல உட்கார்ந்து கை தட்டிச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்து கரண்டு போயிருந்துச்சு."