கட்டையில் முளைத்த காளான்

போன வாரம் கொல்லையில் வெட்டிப்போட்ட மாமரத் துண்டைப் புரட்டினேன். பக்கவாட்டில் அரைத் தட்டு மாதிரி ஒரு காளான். குழம்பு வைக்கிற குடைக்காளான் இல்லை. மரத்தைத் தின்கிற ஜாதி. மேலே பழுப்பு, அடியில் ஊசியால் குத்தியதுபோல் பொடிப்பொடித் துளைகள். நனைந்த கோணிச்சாக்கின் வாசனை. அது மூக்கில் ஏறியதும் என் வலது கை தானாக வேட்டியில் துடைத்துக்கொண்டது. ஏனென்று சொல்கிறேன். என்மேல் உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரொம்ப வருஷத்துக்கு முன்னால், விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசர். இருபத்து மூன்று வயது, சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதாது. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளை மர ரேக்கில் அடுக்கிக் காயவைப்போம். பொம்மையில் கீறல் விழுந்தால் களிமண் கூழைத் தொட்டு ஒரு பூச்சு, ஸ்பாஞ்சால் ஒரு தேய்ப்பு, கீறல் போன இடம் தெரியாது. அந்த வேலையில் இருந்தால் எதையும் கூழ் பூசிச் சரிபண்ணிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்திருந்தது.

பொம்மைகளுக்குக் கண் மூக்கு திருத்துகிற சந்திராக்கா நல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஒருநாள் ரேக்கின் கால்கட்டையைக் காட்டினார்.

"தம்பி, இங்க பாருங்க, காளான் வந்துருக்குது. உள்ள மரம் இத்துப்போச்சு. மாத்தச் சொல்லுங்க."

மாற்றுவதென்றால் ரேக்கையே காலிசெய்ய வேண்டும், இரண்டு நாள் வேலை நிற்கும். முந்தின நாள்தான் முதலாளியிடம், ஷெட்டில் ஒரு குறையும் இல்லை என்று பெருமையடித்திருந்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் காளானைப் பிய்த்தெறிந்தேன். அந்த இடத்தில் களிமண் கூழை அப்பி, வழவழவென்று தேய்த்துவிட்டேன். கட்டை புதிதுபோல் ஆனது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"மாத்தியாச்சா தம்பி?"

"சரிபண்ணியாச்சுக்கா."

அவர் நம்பி அதன் கீழேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். பதினைந்தே நாளில் ரேக் சரிந்தது. தலையில் விழாமல் கையைக் கொடுத்தார். மணிக்கட்டு நொறுங்கிப்போனது. அதன்பிறகு அந்தக் கையால் பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை.

முதலாளி விசாரித்தபோது சந்திராக்கா கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றார். "தம்பிகிட்ட முன்னாடியே சொன்னேங்க. கேட்டுப் பாருங்க."

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலைங்க. பலகையில அதிகமா அடுக்கிட்டாங்க" என்றேன்.

சந்திராக்கா டிபன் பாக்ஸை இடது கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். பிறகு வேலைக்கு வரவேயில்லை.

போன வாரம் கொல்லையில் காளானைப் பார்த்த மறுநாள் நல்லூருக்குப் பஸ் ஏறினேன். இத்தனை வருஷம் ஏன் ஏறவில்லை என்று கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது. போகிற வழியில் கம்பெனி இருந்த இடத்தை எட்டிப் பார்த்தேன். ஷெட் இல்லை, சூளை இல்லை, கருவேலம் மண்டிக் கிடந்தது. நல்லூரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மகள்தான் இருந்தார்.

"அம்மா போயி ரெண்டு வருஷம் ஆவுதுங்க. நீங்க யாரு?"

"கூட வேலை பார்த்தவன்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. மரம் இத்துப்போனத சொன்னேன், சொன்னேன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. வூட்டுல யாருமே நம்பல. நீயா அதிகமா அடுக்கி நீயா கைய ஒடிச்சிக்கிட்டன்னு அப்பா ஏசிக்கிட்டே இருப்பாரு."

"சொன்னாங்கம்மா. எங்கிட்டதான் சொன்னாங்க. நான்தான் இல்லன்னுட்டேன்."



"இத அம்மா இருக்கும்போது வந்து சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்றார்.