வரலாறு குரூப்புக்கு ஒரு விண்ணப்பம்

எம்.ஏ. வரலாறும் இல்லத்தரசி உத்தியோகமும் நல்ல ஜோடிப் பொருத்தம், இரண்டையும் பார்த்து ஊர் கேட்பது, "சும்மாதானே இருக்கீங்க?" என்ற ஒரே கேள்விதான். பட்டத்தைப் பரணில் போட்டுவிட்டுப் பருப்பு வேகவைக்கும் சகோதரிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் மகள் கயல் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, பிளஸ் ஒன்னில் வரலாறு குரூப்தான் வேண்டும் என்றாள். விண்ணப்பம் கொடுக்க ஒரு வாரம் இருந்தது.

சாம்பார் மணம்

என் கணவருக்குப் பழங்காநத்தத்தில் ஹார்டுவேர் கடை. ஆணி வாங்க வருகிறவரிடம்கூட, 'பாப்பா டாக்டருக்குப் போகுது' என்று சொல்லி வைத்திருந்தார். வரலாறு என்றதும் தட்டைத் தள்ளினார். "யார் சொன்னது, எதுக்குச் சொன்னதுன்னு விசாரிக்கப் பழக்குற படிப்புங்க அது" என்றேன். வந்த பதில்: "நீ படிச்சு என்னத்தக் கிழிச்ச? ஒஞ் சாம்பாருல வரலாறு மணக்குதாக்கும்?"

பாண்டவர் படுக்கை

ஞாயிறன்று அலங்காநல்லூரிலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். குடும்பத்தோடு கீழக்குயில்குடி மலைக்குப் போனோம். அங்கே பாறையில் வெட்டிய கற்படுக்கைகளைக் காட்டி, பஞ்சபாண்டவர் படுத்த இடம் என்றார் அண்ணன். "இல்ல பெரியப்பா, சமணத் துறவிகளுக்கு வெட்டுனது. கல்வெட்டே இருக்கு" என்றாள் கயல்.

வரலாற்று வகுப்பில் முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வியை அவர் தன்னை அறியாமல் கேட்டார், பதிலுக்குத்தான் நிற்கவில்லை. "எங்கப்பன் சொன்னது பொய்யி, கல்லுல வெட்டுனவன் சொன்னது மட்டும் நெசமா?"

இரண்டு பயோடேட்டா

செவ்வாயன்று என் நாத்தனார், தன் மகளுக்கு அமைந்த மாப்பிள்ளையின் பயோடேட்டாவோடு வந்தாள். மறுநாள் பூ வைப்பதாக இருந்தது. கயல் போட்டோவை உற்றுப் பார்த்தாள். போன வருடம் சொந்தத்தில் வேறொரு பெண்ணுக்காக ஒரு தரகர் என் போனுக்கு அனுப்பிய பயோடேட்டாவைத் தேடி எடுத்தாள். அதே முகம். அதில் 'மறுமணம், ஒரு குழந்தை' என்றிருந்த வரி இதில் காணோம். "எது சரின்னு நாமளா முடிவு பண்ண வேணாம், கேட்டுருவோம் அத்தை" என்றாள்.

கேட்டோம். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் மழுப்பிவிட்டு ஒத்துக்கொண்டார்கள். நாத்தனார் கயலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒருவழியாக வரலாற்றுக்கு ஒரு வக்கீல் கிடைத்தாள் என்று நானும் காபி போட்டேன். அதைக் குடித்து முடித்து, என் கணவரிடம் சொன்னாள்: "அண்ணே, இப்பவே இம்புட்டுத் துருவுறா. இன்னும் வரலாறு வேற படிக்கவிட்டா இவள எவன் கட்டுவான்?"

வெள்ளிக்கிழமை

பள்ளி அலுவலகத்தில், கயல் எழுதியிருந்த 'வரலாறு' என்பதை அடித்து, 'உயிரியல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் கணவர். "பிள்ளை எழுதுனத அடிக்க நீங்க யாரு?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "அப்பன்" என்றார். கவுண்டரில் இருந்தவர் சிரித்தார்.

கயல் அழவில்லை. என் காதருகே குனிந்தாள். "அம்மா, உள்ள குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்க. நாளப்பின்ன, நாந்தான் பயாலஜி கேட்டேன்னு சொல்லுவாரு."

வரலாறு படித்தவளுக்கு எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே வேலை, யார் எதைச் செய்துவிட்டு மறந்தார்கள் என்று பத்திரப்படுத்துவது. அதற்கும் இப்போது ஆள் இரண்டாகிவிட்டது.