வலது பக்கத்து இருக்கை

சோஹாக்கிலிருந்து அலெக்ஸாந்திரியாவுக்கு வெங்காயம் ஏற்றிப் போன லாரிக்காரர்களில், ‘உஸ்தா’ என்று எல்லோரும் மரியாதையாகக் கூப்பிட்ட கலஃபைப் போல வாய் திறக்காத மனிதர் இன்னொருவர் கிடையாது. எழுபத்துமூன்றாம் வருஷப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். எங்கள் ஊரில் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவன்கூட போர்க்கதை அளப்பான். இவரைக் கேட்டால், “போனோம், கால்வாயத் தாண்டினோம், வந்தோம்” என்பார். அதற்குமேல் ஒரு சொல் பெயராது. காப்பிக் கடையில் வலது தோளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் உட்காருவார். எல்லாம் வீம்பு என்று அவர் மனைவி சொல்வாள்.

அப்படிப்பட்டவருக்கு ஓயாமல் பேசும் மகள் வாய்த்தாள். நக்லாவுக்கு ஏழு வயதானதிலிருந்து பள்ளி விடுமுறை முழுக்க லாரியில்தான். வலது பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் மின்யா வரும்வரை வாய் மூடாது. டீச்சர் குட்டியது, தோழி பேனா திருடியது, தம்பி ஸஃப்வத் படுக்கையை நனைத்தது, எல்லாம் வரும். உஸ்தா சிரிப்பார், “ம்” என்பார். பொழுது சாய்ந்துவிட்டால் மட்டும், “போதும், தூங்கு” என்று அதட்டிவிடுவார். முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடியைத் திருகாணி போட்டு மாட்டியிருந்தார். அப்பா மீசை பார்க்கத்தான் அது என்று நக்லா ஊரெல்லாம் சொல்லிவைத்தாள்.

அவளுடைய பத்தொன்பதாம் வயதில் அந்தப் பேச்சு நின்றது. பெரியப்பா மகனைக் கட்டுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நிச்சயமும் ஆகிவிட்டது. அஸ்யூத் கல்லூரிக்குப் போகும் வழியில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எனக்கு அவன் வேண்டாம்ப்பா” என்று அழுதாள். உஸ்தா லாரியை ஓரங்கட்டினார். “இங்க திரும்பு. என் முகத்தப் பாத்துச் சொல்லு” என்றார். திரும்பிச் சொன்னாள். அவர் லாரியைக் கிளப்பினார். அடுத்த வாரம் மோதிரத்தை அண்ணன் வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அண்ணன் தம்பிக்குள் ஏழு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

நக்லா நினைத்த மாப்பிள்ளையையே பிறகு கட்டினாள், மருந்துக்கடையில் வேலையும் பார்த்தாள். ஆனால் ‘என் முகத்தப் பாத்துச் சொல்லு’ என்ற அந்த அதட்டல் நெஞ்சில் முள்ளாகவே தங்கிவிட்டது; லாரியில் ஏறுவதையே விட்டுவிட்டாள். என்னால்தானே அண்ணனை இழந்தார், உள்ளுக்குள் என்னை மன்னிக்கவே இல்லை என்று நம்பினாள். கேட்டுவிடலாம் கேட்டுவிடலாம் என்று பத்தொன்பது வருஷத்தை ஓட்டினாள், பாவி. அதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாற்பதாம் நாள் காலை. துக்கத்துக்கு வந்தவர்கள் வழக்கப்படி சர்க்கரை போடாத காப்பியைக் குடித்துவிட்டுக் கலைந்திருந்தார்கள். ஸஃப்வத் மறுநாள் லாரியை எடுப்பதாக இருந்தான். திருப்புளியும் கையுமாக உள்ளே ஏறி, “இந்த மீசைக் கண்ணாடி ரோட்ட மறைக்குது, கழட்டிடறேன்” என்றான். நக்லா கீழே நின்றாள். அப்போதுதான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பிஷாய் வந்து சேர்ந்தார். உஸ்தாவோடு ஒரே பீரங்கியில் நின்றவர்.

“டேய் ஸஃப்வத், கைய எடுடா! அது உங்கப்பன் காதுடா!”

“என்ன மாமா சொல்றீங்க?”

“அவனுக்கு வலது காது எழுபத்துமூணுலயே போச்சு, இடது காதுல எஞ்சின் சத்தந்தான் கேக்கும். லைசென்ஸ் போயிடுமேன்னு வாயே திறக்கல, கள்ளன்.”

நக்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “அப்ப... நான் அத்தன வருஷம் பேசினது? செவுத்துக்கிட்டயா பேசினேன்?”

“அடி பைத்தியமே! பீரங்கிச் சத்தத்துல யாருக்குக் காது கேட்டுச்சு? நாங்க ஏழு பேரும் வாயப் பாத்துத்தான் பேசிக்கிட்டோம். உன் வாய் தெரியணும்னுதான் இதை மாட்டினான். கீழ பாரு, ரெண்டு பழைய ஓட்ட. நீ வளர வளர மேல ஏத்தியிருக்கான். இருட்டினா எப்படிப் பாப்பான்? அதான் தூங்கச் சொல்லியிருப்பான்.”

அவள் ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். “அப்ப அன்னிக்கு, முகத்தப் பாத்துச் சொல்லுன்னு அதட்டினாரே?”

“நீ ஜன்னலப் பாத்து அழுதியாமே. எங்கிட்ட வந்து சொன்னான். ‘பாதிதான் புரிஞ்சுது பிஷாய், தப்பாப் புரிஞ்சுக்கிட்டு புள்ளையப் பாழுங்கிணத்துல தள்ளிடக் கூடாதில்ல’ன்னான். கோவமா? அவனா? அண்ணன விட்டதுக்கு ஒரு நாள் வருத்தப்பட்டான். அப்புறம் நீ லாரியில ஏறலன்னு சாகுற வரைக்கும் வருத்தப்பட்டான்.”

நக்லா சுற்றிப் போய் வலது பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஸஃப்வத் இறங்கி பிஷாயின் பக்கத்தில், ஓட்டுநர் கதவருகே நின்றான். அவள் சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பாமல், வாயை நன்றாகத் திறந்து, சத்தமே வராமல் என்னவோ சொன்னாள். நிதானமாக, இரண்டு தடவை சொன்னாள்.

“அக்கா என்ன மாமா சொல்றா?” என்றான் ஸஃப்வத்.

பிஷாயின் பார்வை கண்ணாடியிலேயே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“உனக்குச் சொல்லலடா. திருப்புளியப் பையில போடு.”