பெரியப்பா எடுத்த மைப்படி

எங்கள் பெரியப்பா பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பெயரை டாக்டர் பட்டத்தோடு முதல் வரியில் போடுவார்கள். மற்றபடி யாரும் அவரைத் தேட மாட்டார்கள். சங்கரன்கோவிலில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்த என் அப்பாவைத்தான் சொந்தக்காரர்கள் தேடி வருவார்கள். அப்பாவிடம் பட்டா, சர்டிபிகேட் என்று ஆயிரம் காரியம் இருந்தது. செத்துப்போன ராஜாக்களை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

நான் ஆறாவது படித்த வருஷம் பெரியப்பாவுக்கும் ஒரு காரியம் வந்து சேர்ந்தது.

எங்கள் பூர்வீக ஊர் புளியங்குடி போகிற பாதையில், டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். அங்கே குளத்தங்கரை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை எங்கள் வகையறாவுக்குத்தான். பரிவட்டம் எங்கள் வீட்டு ஆணுக்குக் கட்டுவார்கள். முதல் முளைப்பாரியை எங்கள் வீட்டுப் பெண்பிள்ளை சுமக்கும். அந்த வருஷம் சுமக்க வேண்டியவள் நான். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து, குளத்து மடையைத் திறந்து அடைக்கும் கீழத்தெருக்காரர்கள், அந்த மரியாதை ஆதியில் தங்களுடையது என்று கோர்ட்டுக்குப் போனார்கள்.

மடைக்குப் பக்கத்தில் பாதி புதைந்தபடி ஒரு கல் நின்றது. அதில் பழைய எழுத்து இருந்தது. படிக்கத்தான் ஊரில் ஆள் இல்லை. எங்கள் முப்பாட்டனார் குளம் வெட்டிய கதை அதில் இருப்பதாக எங்கள் ஆட்கள் சொல்லிச் சொல்லி அவர்களே நம்பிவிட்டிருந்தார்கள். பெரியப்பா அதைப் படித்து, கோர்ட்டில் ஏறிச் சொல்லிவிட்டால் போதும். பேராசிரியர் சொன்னால் ஜட்ஜ் நம்பாமல் போவாரா?

“குடும்பத்துல ஒருத்தன் படிச்சதுக்கு இப்பதான்வே பலன் தெரியுது” என்று அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை பெரியப்பா திருநெல்வேலியிலிருந்து வந்தார். கையில் சுருட்டிய காகிதம், பைக்குள் பிரஷ், மைத்தூள். அப்பாவின் பைக்கில் முன்னால் உட்கார்ந்து நானும் போனேன். கல்லைச் சுற்றித் தோண்டி, தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன் மேல் ஒட்டினார். பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் காகிதத்தை எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கினார். பிறகு துணிப் பொட்டலத்தில் மையைத் தொட்டு ஒற்றினார். மேடெல்லாம் கறுத்தது, எழுத்து மட்டும் வெள்ளையாக நின்றது. இதற்கு மைப்படி என்று பெயர். கல்லே அழிந்துபோனாலும் மைப்படி இருந்தால் சாட்சி இருக்கிறது என்றார். அவர் செல்போனில் பேச மட்டும்தான் முடியும். படம் எடுக்கிற போன் எங்கள் பக்கம் இன்னும் வந்திருக்கவில்லை.

அங்கேயே விரலை ஓட்டிப் படித்தார். நடுவில் விரல் நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் என்ன, என்ன என்று நெருங்கினார்கள். வீட்டில் வைத்து நிதானமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தள்ளி நின்ற கீழத்தெருப் பெரியவர் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “எங்களுக்கும் சொல்லுவியளா சார்?” என்று கேட்டார். மடை அவர் பொறுப்பில் இருந்தது.

“நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கே வந்து சொல்லுதேன் அண்ணாச்சி” என்றார் பெரியப்பா.

கீழத்தெரு ஆளை அண்ணாச்சி என்று சொன்னதை எங்கள் ஆட்களால் தாங்க முடியவில்லை. கோர்ட் வேலை முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு மாடியில், துணிக்கொடியில் மைப்படி தொங்கியது. பக்கத்துத் தெருவின் தறிச் சத்தத்தையும் மீறி அப்பாவின் குரல் படிக்கட்டு வரை கேட்டது. குளம் உடையப் போன ஒரு மழைநாளில் மடைக்குள் இறங்கி, அடைத்துவிட்டு, உள்ளேயே செத்துப்போனவனின் பெயர் அந்தக் கல்லில் இருக்கிறதாம். அவன் மடை காக்கும் வீட்டுக்காரன். அவன் உயிருக்கு ஈடாக அவன் வம்சத்துக்கு நிலமும், அம்மன் கோயிலில் முதல் மரியாதையும் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் முப்பாட்டனாரைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

“ஒரு வரிதான அண்ணே. மரியாதை பத்தின அந்த வரிய மட்டும் விட்டுட்டுப் படிச்சா என்ன?”

“ஏலே, அந்த ஒரு வரிக்காக ஒருத்தன் செத்திருக்கான்.”

அப்பா கீழே இறங்கி வந்து யாருக்கோ போன் செய்தார்.

மறுநாள் விடிந்ததும் பெரியப்பா பெரியவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஊருக்குக் கிளம்பினார். மைப்படி இன்னும் முழுக்கக் காயவில்லை. மாடியில் நின்ற என்னிடம், “தொடாத மக்கா, கையெல்லாம் மையாயிரும்” என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல். தலையில் எண்ணெய் வைத்துவிட்டு அம்மா எண்ணெய் வாங்கச் செக்குக்குப் போயிருந்தாள். பின்கட்டில் வெந்நீர் அடுப்பு எரிந்தது. அப்பா அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“ஏட்டி, மாடில பெரியப்பா காகிதம் தொங்குதுல்லா, அத எடுத்துட்டு வா.”

“தொடக் கூடாதுன்னு சொன்னாவ.”

“அது இருந்துச்சுன்னா இந்த வருசம் முளைப்பாரி உனக்கு இல்ல, பாத்துக்கோ.”

அப்பா அதட்டவில்லை, அடிக்கவில்லை. நான் படிக்கட்டில் ஓடினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உருவி எடுத்து, சுருட்டி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். ஈரக் காகிதம் முதலில் புகைந்தது, அப்புறம் பிடித்துக்கொண்டது. அந்த வெந்நீரில்தான் குளித்தேன். நல்ல சூடாக இருந்தது.

அதே நேரம் ஊரில், மடையை ரிப்பேர் பார்க்கிறோம் என்று எங்கள் ஆட்கள் கொத்தனாரைக் கூட்டி வந்து, கல்லை உடைத்துச் சுவரோடு சேர்த்துச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். கீழத்தெருவிலிருந்து திரும்பும் வழியில் பெரியப்பா அதைப் பார்த்திருக்கிறார். அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினார். கீழே வந்தபோது அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா பின்கட்டுக்குப் போனார். அடுப்பில் கிடந்த கறுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். சீயக்காய் போட்டும் என் விரல் ரேகைகளில், நகக்கண்ணில் மை போயிருக்கவில்லை. தேங்காய் எண்ணெயைத் தொட்டு, தன் கைக்குட்டையால் என் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். அம்மா வையக் கூடாதே என்று துடைக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.

கொடைக்கு முந்தின மாதம் கோர்ட்டில் விசாரணை நடந்தது. அன்று அப்பா பிரியாணிப் பொட்டலங்களோடு வந்து, நடந்ததை நடித்தே காட்டினார். பெரியப்பா கீழத்தெருக்காரர்கள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டாராம். கல்லில் இருந்ததை அப்படியே ஒப்பித்தாராம். எங்கள் வக்கீல், கல் எங்கே, படி எங்கே என்று மடக்கினாராம். தம்பி வீட்டில் காயப்போட்டிருந்தேன் என்றாராம் பெரியப்பா. வக்கீல் விடவில்லை. நீர் ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் யார் இருந்தது, பெயரைச் சொல்லும், கூப்பிட்டு விசாரிப்போம் என்றாராம். பெரியப்பா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாராம். அப்புறம், “இல்ல, கையோட கொண்டு போனேன். பஸ்ல தொலைச்சிட்டேன்” என்றாராம். கோர்ட்டே சிரித்தது என்று சொல்லி அப்பா சிரித்தார். கேஸ் எங்கள் பக்கம் தீர்ந்தது.

அதோடு விட்டார்களா? இல்லாத கல்வெட்டை இருப்பதாகச் சொன்னார் என்று எங்கள் ஆட்களே பல்கலைக்கழகத்துக்கு மனு மேல் மனு போட்டார்கள். பெரியப்பா மேல் விசாரணை வைத்தார்கள். மடைக்கல்லைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை, படி இல்லாமல் போட முடியாது என்று எல்லா இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். துறைத் தலைவர் பதவி அவருக்குப் பின்னால் வந்தவருக்குப் போயிற்று. அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர வந்த பிள்ளைகள், கோர்ட் கதையைக் கேள்விப்பட்டு வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். ஓய்வு பெறுகிற வரைக்கும் அதே அறை, அதே நாற்காலி. எங்கள் வீட்டு வாசலை அவர் திரும்ப மிதிக்கவே இல்லை. பத்திரிகைகளில் மட்டும் பெயரைப் போட்டுக்கொண்டே இருந்தோம். அவர் செத்தபோது எங்கள் ஆட்கள் வேன் பிடித்துப் போய், குடும்பத்தின் பெருமை என்று பெரிய பேனர் வைத்தார்கள். அந்தப் பேனருக்குக் கீழே நிற்க முடியாமல் நான் தெருமுனைக்குப் போய்விட்டேன்.

ஆனால் அந்தப் பிரியாணி தின்ற நாளில் எனக்குப் பெரியப்பா மேல் கோபம்தான். வாயில் சோற்றோடு அம்மாவிடம் சொன்னேன்: “பெரியப்பா பொய் சொல்லியிருக்காவ. பஸ்ல எங்க தொலைச்சாவ? நான்தான எடுத்துக் குடுத்தேன்.”

அம்மா என் வாயைப் பொத்தினாள். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டுப் பொட்டலத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இவ்வளவு படித்தவர் கோர்ட்டில் ஏறிப் பொய் சொல்லலாமா என்று எனக்கு ஆறவே இல்லை. அடுத்த மாதம் பட்டுப் பாவாடை கட்டி, முதல் முளைப்பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு, புதுச் சிமெண்ட் பூசிய மடையைத் தாண்டி நிமிர்ந்து நடந்தேன். வீட்டில் யார் இருந்தது என்று வக்கீல் கேட்ட கேள்விக்கு என் பெயர்தான் பதில் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.