தண்ணீர் படாத பிஸ்கட்

அட்டைப்பெட்டியின் மேல் ஒரு மஞ்சள் கேக்கின் படம் இருந்தது. உள்ளே இருந்தது வெறும் மாவு. சர்க்கரை, சோடா எல்லாம் ஏற்கெனவே கலந்து வைத்த மாவு. என் அக்காள் அதை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்திருந்தாள். ஆனால் எங்கள் வீட்டுக்கு அவள் கொண்டுவரவில்லை. கோயமுத்தூரில் மாமனார் வீட்டில் தங்கியிருந்தவள், பனியன் வாங்க எங்கள் ஊர் திருப்பூருக்கு வந்த கொழுந்தனிடம் இரண்டு பெட்டியும் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டரும் கொடுத்தனுப்பினாள். சித்திரை வெயிலில் ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அக்காள் நர்ஸ் வேலைக்குப் படித்தவள். வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பா முருகன் பக்தர். கிருத்திகை விரதம் தவறியதில்லை, வீட்டுக்குள் முட்டை நுழைந்ததில்லை. சேதி வந்த அன்று அவர் கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. "அந்த ஊட்டுல இனி நம்ம ஆரும் கை நனைக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அக்காளும் முடிந்துபோனாள்.

கை நனைப்பது எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். பகையாகிவிட்ட வீட்டிலிருந்து பழம் வரலாம், சர்க்கரை வரலாம், பொரிகடலைகூட வரலாம். வாங்கி வைத்துக்கொண்டால் குற்றமில்லை. தண்ணீர் ஊற்றிச் சமைத்தது எதுவும் ஆகாது. அவர்கள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டால் பகை தீர்ந்தது என்று அர்த்தம். சொந்தப் பெண்ணைப் பார்ப்பதற்கு எதை ஈரம் என்பது, எதை உலர்ந்தது என்பது என்று வக்கீல் மாதிரி யோசிக்கிற இந்த வழக்கத்தை நினைத்தால் எனக்கு அப்போதும் எரிச்சல்தான், இப்போதும் எரிச்சல்தான்.

அடுத்த வாரம் அக்காள் புருஷனோடு அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகிறாள். இனி எப்போது வருவாளோ தெரியாது. அவளும் அவள் பெண்குழந்தையும் ஒரே ஒரு தடவை இந்த வீட்டுக்குள் வந்துபோக வேண்டும், அம்மா கேட்டது அவ்வளவுதான். நாம் இரண்டு பேரும் பஸ் ஏறிக் கோயமுத்தூர் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், அப்பாவுக்குத் தெரியவா போகிறது என்றேன். அம்மா என்னை முறைத்தாள்.

"திருட்டுத்தனமாப் போய்ப் பாக்கறதுக்கு அவ என்ன கண்ணு தப்புப் பண்ணிப்போட்டா?"



பள்ளிக்கூடப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். அந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு பெட்டியில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னேன். கேக் செய்ய முட்டை, எண்ணெய், தண்ணீர் என்று போட்டிருந்தது. அம்மா உதட்டைப் பிதுக்கினாள். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இன்னொன்று இருந்தது. அதே மாவில் சுலபமாகப் பிஸ்கட் செய்யலாம்; முட்டையும் எண்ணெயும் போதும், பிசைந்து உருட்டிச் சுட்டால் ஆயிற்று.

"தண்ணி?" என்றாள் அம்மா.

தண்ணீர் என்று எழுதியிருக்கவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். எந்த மூலையிலும் தண்ணீர் இல்லை. அம்மா பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்த எழுத்தைத் தானும் ஒருதரம் பார்த்தாள். அப்போதே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

முட்டைக்குப் பதிலாகக் குன்னத்தூர்ச் சந்தை வெண்ணெய். எண்ணெயும் வேண்டாம், வெண்ணெயே போதும் என்றாள். கையைக் கழுவிவிட்டுத் துண்டில் துடைத்தாள், மறுபடி முந்தானையில் துடைத்தாள், அடுப்பனலில் காட்டிக் காய வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் மாவில் கை வைத்தாள். பிசையப் பிசைய இதுவரை எங்கள் வீட்டில் வராத ஒரு வாசனை வந்தது.

சுடுவதற்குத்தான் வழி தெரியவில்லை. மேலும் கீழும் சூடு வேண்டும் என்று பெட்டி சொன்னது. எங்களிடம் இருந்தது விறகடுப்பு. ஆனால் பின்கட்டில் வீடு என்றால் முன்கட்டில் அப்பாவின் பனியன் கம்பெனி. நிட்டிங் மெஷின்களுக்குப் பக்கத்து அறையில் நாள் முழுக்க இஸ்திரி நடக்கும். சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரிப் பெட்டிகள் சும்மாதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தேக்சாவில் மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியைப் போட்டு அடுப்பில் ஏற்றினோம். மூடியின் தலையில் கரிக்கங்கு நிறைந்த இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைத் தூக்கி வைத்தேன்.

முதல் ஈடு மேலே கருகி, நடுவில் வெந்தும் வேகாமலும் வந்தது. கம்பெனியில் பழுதான பனியனைச் சொல்கிற மாதிரி "செகண்ட்ஸ்" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் ஈட்டுக்கு மூடிமேல் இருந்த இஸ்திரிப் பெட்டியில் ஒன்றை எடுத்துவிட்டோம். அது பொன்னிறமாக வந்தது. தொட்டால் உதிர்ந்துவிடும்போல் இருந்தது, ஆனால் உதிரவில்லை.

வாசனை சும்மா இருக்குமா? முன்கட்டு வரைக்கும் போய்விட்டது. மெஷின்காரர் ஒருவர் இன்னிக்கு என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் பின்னாலேயே அப்பாவும் வந்துவிட்டார். அது அவருடைய காப்பி நேரம். அம்மா அன்றைக்குக் காப்பி போடவில்லை. பலகையைப் போட்டு, தட்டில் பிஸ்கட்டை வைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்துகொண்டாள். ஒரு சொம்புத் தண்ணீர் அவள் கைக்கு அருகில் இருந்தது.

இது என்ன என்று அப்பா கேட்டார். அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"மாவு அவ அனுப்புனதுங்க. வெண்ணெ நம்முளுது, தீ நம்ம கம்பெனித் தீ. முட்டை போடலீங்க. ஒரு சொட்டுத் தண்ணி படலீங்க."

அப்பா தட்டைப் பார்த்தபடி நின்றார். அவருடைய சட்டத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறாள் என்பது அவருக்குப் புரியாமல் இருக்காது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பலகையில் உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து முகர்ந்தார், கடித்தார். இன்னொன்றை எடுத்தார். மென்றுகொண்டே இருந்தார். தண்ணீரில்லாத பண்டம், தொண்டையில் பிடித்துக்கொண்டது. இருமினார், கண்ணில் நீர் வந்துவிட்டது. அம்மா அவசரமாகச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அப்பா அதைக் கையால் தள்ளிவைத்தார்.

அம்மாவின் முகம் செத்துப்போனது. எனக்கு வந்த கோபத்தில் அப்பா என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன். பிஸ்கட் ஆகுமாம், நம் கிணற்றுத் தண்ணீர்கூட ஆகாதாம், இது என்ன நியாயம் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா பேசினார்.

"தண்ணிய அவ கையில வாங்கிக் குடிச்சுக்கறேன். வரச் சொல்லு."

அம்மா சொம்பைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தாள். நாளைக்குக் காலையில் ஆள் அனுப்பலாம் என்று அழுகையின் நடுவில் என்னவோ சொன்னாள். நான் காத்திருக்கவில்லை. வெண்ணெய்க் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு கோயமுத்தூர் பஸ்ஸுக்கு ஓடினேன். அக்காளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு திரும்பியபோது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. அப்பா அதே பலகையில்தான் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வருகிறவரைக்கும் அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.