நெக்கார் ஜாஸுக்கு ஒரு மரண அறிவித்தல்

பிளோறன்ஸ் அக்கா ஒரு வானொலி நிலையத்துக்கு முதன்முதலாகத் தொலைபேசி எடுத்தது, யார் செத்தது என்று கேட்பதற்குத்தான்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. ஸ்டுட்கார்ட்டில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற ஒரு சலவைக்கூடத்தில் அக்காவுக்குப் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மினுக்குகிற வேலை. அதே இடத்தில் எனக்குத் துணி ஏற்றுகிற வான் ஓட்டுகிற வேலை. போதாததற்கு நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டு அயலட்டை வேறு. ஆகவே அக்காவைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம். கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் அவர் கூட்டுகிற அளவுக்குக் கூட்ட எனக்கு வராது.

ஒரு நாள் மினுக்குகிற மேசைக்கு மேலே இருந்த வானொலியை யாரோ துடைக்கப்போய், முள் இடம் மாறிவிட்டது. திடீரென்று டிரம்பெட், கிளாரினெட், ட்ரம்போன், அடியிலே பெரிய மேளம். காலை இழுத்து இழுத்து நடப்பதுபோல ஒரு கீதம். மன்னாரில் கத்தோலிக்கரின் செத்தவீடு என்றால் சவப்பெட்டிக்கு முன்னால் பாண்ட் வாத்தியம் போகும். அக்காவின் கணவர் அம்புறோஸ் அண்ணை அந்தப் பாண்டில் பெரிய மேளம் அடித்தவர். எங்கள் இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற வழக்கமும் உண்டு. இரண்டையும் சேர்த்து அக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஜேர்மனியில் யாரோ பெரிய மனிதர் போய்விட்டார், றேடியோவில் அறிவிக்கிறார்கள். உடனே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். பார்த்தால், கீதம் முடிந்த கையோடு அதே வாத்தியங்கள் துள்ளத் தொடங்கின, கலியாண வீடு தோற்றுப்போகும்.

"செத்தவீட்டில இதென்ன கூத்து?" என்று அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அறிவிப்பாளர் சொன்ன இலக்கத்தைக் கையில் எழுதிக்கொண்டு போய்ச் சலவைக்கூடக் கந்தோர் அறைத் தொலைபேசியில் சுழற்றினார். தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் கேட்டார்.

"யார் செத்தது?"

மறுமுனையில் ஒரு கிழவரின் குரல் சொன்னது: "நாங்கள்தான். கொஞ்சம் கொஞ்சமாக."

அந்தக் கிழவர்தான் ஹெர் ஹெபெர்லே. இயந்திரத் தொழிற்சாலையில் பற்சக்கரம் கடைந்து ஓய்வுபெற்ற மனிதர். சிறு பையனாக இருந்தபோது போர் முடிந்து அமெரிக்கச் சிப்பாய்கள் வந்தார்கள், அவர்களுடைய வானொலியில் பழைய ஜாஸ் வந்தது, அந்த இசையில் ஆள் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு எழும்பவேயில்லை. பாட் கான்ஸ்டாட்டில் ஒரு பழைய வைன் நிலவறையை வாடகைக்கு எடுத்து 'நெக்கார் ஜாஸ்' என்ற சின்ன நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தார். அவர் போடுவது நியூ ஓர்லியன்ஸ் பாணிப் பழைய ஜாஸ் மட்டும். அந்த ஊரிலும் பாண்ட் வாத்தியத்தோடுதான் பெட்டி போகுமாம். போகும்போது அழுகை, திரும்பும்போது ஆட்டம். இதைக் கேட்டதும் அக்காவின் கோபம் எங்கே போனதோ தெரியாது. "அப்ப எங்கட ஆக்கள்தானே!" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு பூசை முடிந்தால் நேரே நிலவறைதான். தொலைபேசி எடுப்பது, இசைத்தட்டுத் துடைப்பது, ஹெபெர்லேக்கு உறைப்பாகக் கட்லட் கொண்டுபோய்க் கொடுத்து அவருடைய கண்ணில் தண்ணீர் வரப் பண்ணுவது எல்லாம் அக்காவின் பொறுப்பாயிற்று.

இரண்டு வருடம் இப்படிப் போனது. தொண்ணூற்றைந்தில்தான் கிழவர் கையை விரித்தார்.

அமெரிக்கப் படைமுகாம்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கேட்கிற சிப்பாய்கள் போய்விட்டார்கள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அவரை விழுத்தியது வேறு. நியூ ஓர்லியன்ஸில் 'லெவி' என்றொரு பழைய நிலையம். அங்கிருந்து அவருக்கு ஒழுங்காக ஒலிநாடா வரும், தன் நிலையத்தின் தாய் என்றே அதைச் சொல்வார். அமெரிக்காவில் பழைய ஜாஸ் நிலையங்களைப் பெரிய முதலாளிகள் வாங்கி, இரவோடிரவாகப் பொப் பாட்டும் வாய்ச்சண்டையும் போடுகிற நிலையங்களாக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. சிக்காகோவில் ஒன்று போனது, கன்சாஸில் ஒன்று போனது. இளவேனிலில் லெவியிலிருந்தும் ஒலிநாடா நின்றுவிட்டது. எழுதிய கடிதம் திரும்பி வந்தது. தொலைபேசி எடுத்தால், இலக்கம் பாவனையில் இல்லை என்றது பதிவுக்குரல்.

"பிறந்த வீட்டிலேயே செத்துப்போனது. இனி நான் யார், இதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க?" என்றார் ஹெபெர்லே.

அலைவரிசை உரிமத்தைப் புதுப்பிக்கிற அன்ட்ராக், அதாவது விண்ணப்பப் படிவம், மேசையில் கிடந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், புதுப்பித்துத் தருவோம் என்று அலுவலகத்திலே நல்ல மாதிரித்தான் சொல்லியிருந்தார்கள். கிழவர் தொடமாட்டேன் என்றுவிட்டார். அக்கா கெஞ்சினார், சண்டை பிடித்தார், கட்லட்டை நிறுத்திப் பார்த்தார். அசையவில்லை. கடைசி நாளான திங்கட்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருக்கையில், ஒரு ஞாயிறு அக்கா என் வீட்டுக் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார்.

"சிறீ, அந்தாள் செத்துப்போச்செண்டு சொல்லுதெல்லோ? சரி. செத்தால் முறைப்படி அறிவிக்க வேணும். நான் இண்டைக்கு றேடியோவில மரண அறிவித்தல் வாசிக்கப்போறன்."

"அக்கா, உங்களுக்கு விசரோ?"

"ஓம். காரை எடுங்கோ."

ஹெபெர்லே மறுப்புச் சொல்லவில்லை. கடைசி வாரம், யார் எதை வாசித்தால் என்ன என்ற நிலையில் இருந்தார். அக்கா ஒலிவாங்கிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, எங்கள் ஊர் அறிவித்தலை அப்படியே ஜேர்மனுக்கு இறக்கிவிட்டார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"அமெரிக்கா நியூ ஓர்லியன்ஸைப் பூர்வீகமாகவும் ஸ்டுட்கார்ட் பாட் கான்ஸ்டாட்டை வதிவிடமாகவும் கொண்ட நெக்கார் ஜாஸ் வானொலி வருகிற ஞாயிற்றுக்கிழமை காலமாகிறது. அன்னார், காலஞ்சென்ற லெவி வானொலியின் பாசமிகு மகனும், காலஞ்சென்ற சிக்காகோ, கன்சாஸ் நிலையங்களின் ஆசைத் தம்பியும், ஹெர் ஹெபெர்லேயின் ஒரே பிள்ளையும் ஆவார். பூதவுடல் பிற்பகல் நிலவறையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு நெக்கார் ஆற்றங்கரையில் அடக்கம் செய்யப்படும். உற்றார் உறவினர் எல்லோரும் வரவேண்டும். வராதவர் உறவில்லை."

கடைசி வசனம் அக்காவின் சொந்தச் சரக்கு. எந்த அறிவித்தலிலும் அப்படி ஒரு மிரட்டலை நான் கேட்டதில்லை.

தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. வைத்தால் அடித்தது, எடுத்தால் இன்னொருவர் காத்திருந்தார். மலர்வளையம் கொண்டுவரலாமா என்று ஒரு ஜேர்மன் கிழவி கேட்டார். நான் சின்னமாமன் முறை, எந்த இடத்தில் நடக்கவேண்டும் என்று ஒருவர் கேட்டார். எஸ்லிங்கனிலிருந்து ஒரு முதியோர் ஜாஸ் குழு, நாங்கள் ஊதிக்கொண்டு வருகிறோம், பெரிய மேளத்துக்குத்தான் ஆளில்லை என்றது. அம்புறோஸ் அண்ணையைக் கேட்காமலே அக்கா ஓம் சொல்லிவிட்டார். பாவம், அந்த மனிதர் வாரம் முழுக்கக் குளியலறைக் கதவில் தட்டித் தட்டிப் பழகினார்.

ஞாயிறு வந்தது. என்ன கூட்டம்! கறுப்பு உடுப்புப் போட்ட ஜேர்மன்காரர், ஊர் திரும்பாமல் இங்கேயே கலியாணம் முடித்துத் தங்கிவிட்ட அமெரிக்கர், ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாமல் செத்தவீடு என்ற ஒரே காரணத்துக்காகத் தேநீர்க் கேத்தலோடு வந்த எங்கள் தமிழ்ச்சனம். முற்றம் போதாமல் வீதிக்கு வழிந்தது. கீறல் விழுந்த இசைத்தட்டுகளை நிரப்பிய ஒரு மரப்பெட்டி நடுவில் இருந்தது. அதைத் தூக்குகிற நால்வரில் நானும் ஒருவன். நான் சைவக்காரன், எனக்குப் பாடை தெரியும், பெட்டி தூக்கத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "தோளைக் குடுங்கோ, மிச்சம் தன்ரபாட்டில வரும்" என்றார் அக்கா.

அண்ணை மேளத்தில் முதல் அடி வைத்தார். அந்த எஸ்லிங்கன் கிழவர்கள் ஊதியதும் மன்னார் மேளமும் பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருந்தவைபோலச் சேர்ந்து நடந்தன. ஹெபெர்லே பெட்டிக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அழுதுகொண்டே கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தன் வானொலியை இத்தனை பேர் கேட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அக்கா அவர் பக்கத்தில் நடந்து, "இப்ப கையெழுத்துப் போடுவீர்களா?" என்று ஜேர்மனில் காதோடு கேட்டார். கிழவர் தலையை ஆட்டி மறுத்தார். "தாய் இல்லாமல் எதற்கு?"

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. அவருடைய துருப்புச் சீட்டு அந்தக் கூட்டம்தான். கையில் வேறொன்றும் இல்லை.

ஆற்றுக்குத் திரும்புகிற சந்தியில் ஒரு நெடுத்த மனிதர் எங்களுக்குக் குறுக்கே பாய்ந்து இரண்டு கையையும் விரித்தார். ஓட்டமாய் ஓடி வந்திருந்தார். கிளிப்டன் என்று பெயர், அமெரிக்க இராணுவத்தில் சமையல்காரராக இருந்து இங்கே தங்கிவிட்டவர். வாத்தியம் நின்றது.

"லெவி செத்ததென்று வானொலியில் வாசித்தது யார்?" என்று ஜேர்மனில் கத்தினார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"நியூ ஓர்லியன்ஸில் என் தங்கை அதைத் தினமும் காலையில் கேட்கிறாள்! நீங்கள் வாசித்ததை இன்றைக்குத் தொலைபேசியில் அவளுக்குச் சொன்னேன். ஒரு மணி நேரம் எனக்கு ஏச்சு! கட்டிடத்தை விற்றுவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரு கல்லூரிக்குப் பின்னால் இரண்டு அறைக்குள் இருக்கிறார்கள். இந்தா, புது இலக்கம்!"

உயிரோடு இருக்கிறவருக்குக் 'காலஞ்சென்ற' போட்டுவிட்டார் அக்கா! எங்கள் ஆட்களிடையே இதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது, தலைமுறைக்கும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "ஐயோ மாதாவே" என்று வாயைப் பொத்திய அக்கா அடுத்த நொடி கிளிப்டன் நீட்டிய காகிதத் துண்டைப் பறித்துக்கொண்டு நிலவறையை நோக்கி ஓடினார். பின்னால் ஹெபெர்லே ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக்கூடாது. கிளிப்டன் ஓடினார், கூட்டம் முழுக்க ஓடியது. பெட்டியைக் கீழே வைக்கச் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை, ஆகவே நாங்கள் நால்வரும் பெட்டியோடு ஓடினோம்.

படியிறங்கி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தொலைபேசி மறுமுனையில் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா அதை ஒலிபரப்போடு இணைத்துவிட்டிருந்தார். அங்கே காலை நேரம்.

"லெவி. வணக்கம்" என்றது ஒரு பெண்ணின் குரல். அவருக்குப் பின்னால் டிரம்பெட் ஊதிக்கொண்டிருந்தது.

ஹெபெர்லே தொலைபேசிக் குழாயை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அக்கா குழாயைப் பிடுங்கித் தன்னுடைய ஆங்கிலத்தில் கேட்டார்: "மன்னிக்கவேணும், நீங்கள் சாகவில்லையா?"

"இன்னும் இல்லை. ஆள் குறைவு, சூடாக்கி வேலை செய்யாது, ஆனால் ஒரு நாளும் நிறுத்தவில்லை. நீங்கள் யார்?"

"ஸ்டுட்கார்ட். நெக்கார் ஜாஸ்."

அந்தப் பெண் வீரிட்டார். "ஹெபெர்லேயா? இடம் மாறியதில் உங்கள் முகவரி தொலைந்துபோனது, கடிதத்தையும் காணோம்! நீங்கள்தான் போய்விட்டீர்கள் என்று நாங்கள் இங்கே உங்களுக்காக ஒரு மணி நேரம் துக்க நிகழ்ச்சி நடத்தினோமே!"

நிலவறை வெடித்தது. சிரித்தார்கள், அழுதார்கள், யார் யாரையோ கட்டிப்பிடித்தார்கள். அம்புறோஸ் அண்ணை யாரும் கேட்காமலே மேளத்தை அடிக்கத் தொடங்கிவிட்டார். அந்த இரைச்சலுக்குள் ஹெபெர்லே கையை நீட்டி, "அன்ட்ராக் எங்கே?" என்று கத்தினார்.

அது அக்காவின் கைப்பையிலேயே இருந்தது. வைத்து எழுதத்தான் இடமில்லை, மேசையெல்லாம் மலர்வளையம். கிழவர் சுற்றுமுற்றும் பார்த்தார். இன்னும் பெட்டியைத் தோளில் சுமந்து நின்ற எங்களைப் பார்த்தார்.

"சிறீ, குனியுங்கோ! ஆடாதேங்கோ!" என்றார் அக்கா.

நாங்கள் நால்வரும் முழங்காலை மடித்தோம். ஹெபெர்லே தாளைப் பெட்டி மூடியில் விரித்து, பேனையை ஊன்றி எழுதினார். அந்தக் கையெழுத்தின் ஒவ்வொரு இழுப்பும் பலகை வழியாக என் தோளில் இறங்கியது.